நூற்று நாற்பத்தெட்டு

கடற்பாம்பைப் பிடித்தது
வில்லிவாக்கத்துக்குச் சற்று முன்னால்,
சிக்னல் விழாமல் லோக்கல் நின்றபோது.
மூன்று தலை வௌவால், அண்ணன் ரிசப்ஷனில்,
கடைசிப் பந்திக்கு இலை போடும் நேரம்.
கல் தின்னும் ஆமை, ரேஷன் கடை வரிசையில்.
பாமாயில் தீர்ந்துவிட்டது என்றார்கள்.
எனக்கு ஆமை கிடைத்திருந்தது.

மின்னல் நரிக்கு மட்டும் பதினோரு நாள்.
அது இருக்கும் புல் எப்போதாவதுதான் அசையும்.

பகலில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன்.
நரம்பைத் தேடிக் குத்தி
குழாயில் பெயர் ஒட்டி அடுக்குகிற வேலை.
முப்பத்தொரு வயசில் இதென்ன விளையாட்டு என்கிறாள் அம்மா.
பர்மா பஜாரில் தொள்ளாயிரம் ரூபாய்,
பின்மூடி கிடையாது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன் என்று
கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

நூற்று நாற்பத்தேழு.

மிச்சம் ஒன்று
புல்லில் இல்லை, குகையில் இல்லை,
தூண்டிலிலும் மாட்டாது.
என்னிடம் இருக்கிற புழுவை
இன்னொருவர் மிஷினுக்குக் கொடுத்தால்
அங்கே போய்த்தான் அது இறக்கை விரிக்கும்.
நம்பாமல் நூறாவது நிலை வரை வளர்த்தேன்.
சிங்கத்தையே அடித்துப் போடும் புழு ஆனது.
புழுதான்.

இந்த ஊரில் இன்னும் யார் வைத்திருப்பார்கள் இந்த மிஷினை?

ஆறு மாதம் கழித்து, அவசரப் பிரிவு வாசலில்,
நின்றிருந்த ஆம்புலன்ஸுக்குள் கேட்டது,
உயிர் குறையும்போது அடிக்கும் டீங் டீங்.
ஐசியூவில் அடிப்பது வேறு.
எனக்கு வித்தியாசம் தெரியும்.
ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தார் டிரைவர் ஏசுபாதம்.

ஆர்ம்ஸ் ரோடு டீக்கடை.
பெஞ்சின் பாதிக் கால் வரை மழைத்தண்ணீர்.
ரிச்சி தெருவில் அவர் தேடி வாங்கிய ஒயரை
இரண்டு மிஷினுக்கும் நடுவில் மாட்டினோம்.
ஷாக் அடிக்கப் போகுது என்றார் டீ மாஸ்டர்.
நான் புழுவை வைத்தேன். அவர் ஓர் எலியை வைத்தார்.
"எலி திரும்பி வந்துடணும்மா."
சிரித்துவிட்டேன்.
எலி என்னிடம் ஒன்பது இருக்கிறது.

சரி என்று இருவரும் அழுத்திய நொடியில்
அவர் போன் அடித்தது.
அயனாவரம். மாடிப்படி. பெரியவர், வழுக்கி.

ஒயரைப் பார்த்தார்.
பாதியில் பிடுங்கினால் புழுவும் போகும் எலியும் போகும்.
"பிடி" என்று மிஷினை என் இடது கையில் வைத்துவிட்டு
தண்ணீரில் ஓடினார்,
ஒரு கையில் செருப்போடு.

வலது கையிலிருந்து இறங்கியது புழு.
முழ நீள ஒயர்தான். நாற்பது நொடி எடுத்தது.
அவர் மிஷினின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது.
மூச்சு விடவில்லை நான்.
இடது கையில் ஏறி, நடுங்கி,
வெறும் வெள்ளையாகி,
விரிந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"பட்டாம்பூச்சியா?"
"அந்த மாதிரி."

திருப்பி அனுப்பவும் இருவர் சம்மதம் வேண்டும்.
இடது கட்டைவிரலுக்கு முன்னால்
அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

விளையாடிய நேரம் அறுநூற்றுப் பதினோரு மணி.
பிடித்தவை இரண்டு.
ஒன்று, இப்போதுதான் வந்த என்னுடையது.
இன்னொன்று, என் பக்கம் உட்கார்ந்திருக்கும் எலி.
நிலை நூறு. பெயர் தம்புசாமி.

பெயர் வைக்கலாம் என்பதே எனக்கு மறந்திருந்தது.
கம்பெனி ஒட்டிய பெயரோடு
அப்படியே அடுக்கியிருக்கிறேன் அத்தனையும்.

வலது சரி. இடது சரி.
தம்புசாமி வீடு போய்ச் சேர்ந்தான்.
என் திரையில் நூற்று நாற்பத்தெட்டு,
கொஞ்சம் மத்தாப்பு,
யாரோ ஒரு தலைவர் வந்து இரண்டு வரி வாழ்த்தினார்.

முக்குக் கடையில் இரண்டு பேட்டரி வாங்கி
அவர் மிஷினில் போட்டேன்.
ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
தூரத்தில் ஒரு சைரன், அவருடையதா தெரியவில்லை,
தண்ணீரில் மெதுவாக வருகிறது.

பாலத்தின் ஓரமாக நிற்கிறான் தம்புசாமி.
எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான் என்று
எனக்குத் தெரியாது.
பொத்தான் எதையும் தொடாமல்
பிடித்துக்கொண்டிருக்கிறேன்.