முக்காற்புள்ளி

இரவு இரண்டு பத்து.
விர்ட்சு துறையின் மாடி அறையில் ஹீட்டர் முனகுகிறது.
வெளியே கடல் வெள்ளையாகக் கிடக்கிறது.
அதை உடைத்துக்கொண்டு
ஐந்தே முக்கால் படகு போயாக வேண்டும்.

திரையில் ஏழு வரி ஷெல் ஸ்கிரிப்ட்.
எழுதிய ராய்வோ அக்டோபரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான்.
ஐந்தாம் வரி சொல்வது இவ்வளவுதான்:
இந்த மாறி காட்டும் இடத்துக்குப் போ,
ஒரு சாய்கோடு போடு,
அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அழி.

மாறிக்கு நேற்று யாரும் மதிப்புத் தரவில்லை.
ஷெல் கோபித்துக்கொள்ளவில்லை, யாரையும் கேட்கவில்லை.
பெயர் இருந்த இடத்தை
ஒன்றுமில்லாததால் நிரப்பி
வரியை இழுத்து ஒட்டிவிட்டது.
மிஞ்சியது சாய்கோடு.
சாய்கோடு என்றால் வேர்.

மூன்று நிமிடம்.
பால் லாரி எந்தப் படகில் ஏறும் என்பதுகூட
எங்கும் எழுதப்படாத ஒன்றாகிவிட்டது.
இவ்வளவு கீழ்ப்படிதலை
நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

சோதித்திருக்கலாம்.
மாறிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி:
நீ இருந்தால், வெறுங்கையோடாவது இருந்தால்,
எக்ஸ் என்று ஒரு குரல் கொடு.
கையில் என்ன என்று நான் கேட்கவில்லை.
அதற்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால்
கேள்வி கடுமையாகிவிடும்:
வெறுங்கையா? அப்படியானால் நீ இல்லை.

இரண்டு சொட்டு மைதான் வித்தியாசம்.

கீழே படிக்கட்டருகே தபால் பெட்டிகள்.
ஊர்வேயின் பெட்டி கிறிஸ்துமஸிலிருந்து காலி.
எனக்கோ பெட்டியே கிடையாது,
ஒப்பந்தக்காரி.
கடிதம் உண்டா என்று யார் கேட்டாலும்
காவலாளி ஆர்வெட் நிமிராமல் சொல்வார்: இல்லை.
ஊர்வேக்கும் அதே இல்லை,
எனக்கும் அதே.
அவரிடம் முக்காற்புள்ளி கிடையாது.

மூன்று மணிக்கு முதல் வரியைத் திருத்துகிறேன்.
மாறி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி,
பிறகு, நிற்கும்போது அது சொல்ல வேண்டிய வாசகம்.
அந்த வாசகத்துக்குத்தான் நேரமாகிறது.
'பிழை' என்று எழுதி அழித்தேன்.
'ராய்வோ, எந்த இடம்?' என்று எழுதினேன்,
அதையே விட்டுவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தேன்.
நின்றது. கேட்டது.
எதையும் தொடவில்லை.

தேநீருக்கு இறங்கியபோது
மூலையில் பெயரில்லாத ஒரு பெட்டி.
டேப்பில் கெர்ட்டு என்று எழுதி
அதன்மேல் ஒட்டினேன்.
ஆர்வெட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"காலி," என்றார்.

முதல் தடவையாக
அந்தச் சொல்.