ஈரப்பதம் பதினாலு

'உப்புக்கண்டம்' என்று பேண்டுக்குப் பெயர் வைத்ததற்கே
உமையாள் வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை.
அவர்கள் சைவம்.
இரண்டாவது ஆல்பத்துக்கு
நெல்லின் ஈரப்பதத்தைத் தலைப்பாக்கினோம்.
யாரும் கோபிக்கவில்லை.
யாருக்கும் புரியவுமில்லை.

பதிவு செய்தது புதுவயலில், அரிசி ஆலைக் குடோனில்.
முதலில் ஒரு பெரிய வீட்டில்தான் முயன்றோம்.
சந்தியாகு ஒரு தட்டுத் தட்டினால்
வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் சுற்றிவிட்டு
தாமதமாக வந்து நின்றது அது,
வட்டி கேட்க வந்தவர் மாதிரி.
குடோனில் அந்தத் தொல்லை இல்லை.
ஆளுயர மூட்டைகள்
எதிரொலியைத் தின்றுவிடும்.

இரவு பதினொன்று முதல் நாலு வரை.
ஆலை தூங்கும். எலிவேட்டர் ஒன்று மட்டும்
உம்ம்ம் என்று
நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே
முனகிக்கொண்டே கிடக்கும்.
மிக்ஸரில் நான் அதை வெட்டப் பார்த்தேன் எட்டு இரவு.
வெட்டினால் உமையாள் குரலில்
அடிவயிறும் சேர்ந்து போனது.
விட்டுவிட்டேன். ஒன்பது பாட்டிலும் இருக்கிறது.
சென்னைப் பத்திரிகைக்காரர் ஒருவர்
துணிச்சலான பரிசோதனை என்று எழுதினார்.

ஆலை முதலாளி தேனப்பன்
காரிலேயே முழுக்கக் கேட்டார்.
கண்ணாடியை இறக்கி,
"பேரிங் போயிருச்சே ஆத்தா,
எவனும் சொல்லலை பாரு" என்றார்.
மறுநாளே மாற்றிவிட்டார்.

காரைக்குடி, செக்காலை ரோட்டில் சின்ன மகால்.
காலையில் அங்கே காதுகுத்து;
வாசல் வாழையை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள்.
டிக்கெட் இருநூறு. வந்தவர் அறுபத்தேழு,
அதில் பன்னிரண்டு பேர் புதுவயல் லோடுமேன்கள்.
அவர்களிடம் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதும்.
மூன்றாவதில் உமையாள் வாய் திறந்தபடி நின்றாள்,
இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைத்தவள் போல.
ஜெய்லானி பேஸில் பிடித்துக் கொடுத்தான்.
தொட்டாள். வழுக்கினாள்.
முன்வரிசையில் ஆண்டிச்சாமி கையைத் தூக்கினார்:
"மிசினு ஓடலையே தாயி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
எட்டு இரவும் அவள் சுருதி சேர்த்தது
கெட்டுப்போன ஒரு பேரிங்கோடு.

வாசலில் சோணைமுத்துவின் ஐஸ்பெட்டி நின்றது.
பழைய கம்ப்ரெசர், முதுகெல்லாம் துரு.
வயரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.
காதுகுத்து வாழையில் நார் கிழித்து
அதன் முதுகில் மைக்கைக் கட்டினேன்.
ஃபேடரை ஏற்றினேன்.

மகால் முழுக்க உம்ம்ம்.
கால் கட்டை இறங்கியே இருந்தது.
ஜெய்லானி குனிந்து நாலு கம்பியையும் தளர்த்தினான்,
உமையாள் ஆறையும்.
சந்தியாகுவுக்குத் தளர்த்த எதுவுமில்லை,
குச்சியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பிறகு அவள் பாடினாள்:
'பதினாலுக்கு மேல போனா பூஞ்சை பூப்பேன்,
கீழ போனா நொய்யாவேன்,
என்னை எந்த வெயில்ல காய வைப்பே?'

பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சத்தம் போட்டார்கள்.
சிரிப்பா, வேறு ஏதாவதா,
என் ஹெட்போனில் பிரித்தெடுக்க முடியவில்லை.
பதிவில் இருக்கிறது.
அதையும் வெட்டப் போவதில்லை.

பெட்டி குளிர்ந்தால் கம்ப்ரெசர் நின்றுவிடும்.
ஆகவே ஐம்பது நிமிஷம்
மூடியைத் திறந்தே பிடித்திருந்தார் சோணைமுத்து,
புருவத்தில் பனிப்புகை ஏற.
நாற்பத்திரண்டு குச்சி ஐஸ் உருகியது.
அந்தத் தொகையை நோட்டில்
'வாத்திய வாடகை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை தேவகோட்டை.
சோணைமுத்து போன் செய்தார்:
பெட்டி மட்டும் போதுமா,
ஆளும் வரணுமா?