ப

கல்விக் கந்தோரிலிருந்து ஆள் வந்தால்
வரிசையாய் எழும்பி முழுப் பெயர் சொல்ல வேண்டும்.
மூன்றாம் வாங்கு எங்களுடையது.
முதல் வாங்கு எழும்பும்போதே
பகீரதியின் பெருவிரல்
செருப்பு வாரைச் சுரண்டத் தொடங்கிவிடும்.

பிறகு எழும்புவாள்.
உதடுகள் ஒட்டிக்கொள்ளும்.
ப
ப
கழுத்து நரம்பு கயிறாய் முறுகும்.
கடைசி வாங்கில் ஒருவன்
பற்றாத மண்ணெண்ணெய் மிசின் மாதிரிச் செருமுவான்.
வகுப்பு சிரிக்கும்.
பெயர் சொல்லவே பகீரதப் பிரயத்தனம் என்று
தமிழ் சேர் ஒருநாள் பகிடி விட்டார்.
அது அவருக்கே பிடித்துப்போய்
இன்னொரு நாளும் விட்டார்.

நான் இரக்கக்காரன் என்று எனக்கொரு நினைப்பு.
அடுத்தமுறை அவளுடைய உதடு ஒட்டியதும்
"பகீரதி, சேர்" என்றேன், முந்திக்கொண்டு.
வந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாங்குக்குப் போனார்.
இடைவேளையில் அவள்
கவராயக் கூரால் என் தொடையில் குத்தினாள்.
ஒரு சொல் பேசவில்லை.

மார்கழிக் கடைசி, கதிரில் பால்.
வவுனிக்குளத்துக்குக் கீழே
எங்கள் வயலுக்கும் அவர்கள் வயலுக்கும் ஒரே வரம்பு.
பன்றிக்கும் ஆனைக்கும் இரவுக் காவல்.
என்னிடம் தட்டுவதற்குத் தகரம் இருந்தது.
அவளிடம் தொண்டைதான்.
ஓ… ஓ… ஓ…
அது எங்கும் தடக்கவில்லை.
காட்டு விளிம்புவரை போய்த் திரும்பியது.

ஒரு சாமத்தில் அந்த ஓவுக்குப் பின்னால்
வேறேதோ வந்தது.
ஓ… ப
அறுந்தது.
மறுபடி.
டோர்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
பாலை மரங்களைப் பார்த்து,
வராத ஆனையைப் பார்த்து,
ஓவை முன்னால் நடக்க விட்டு அதன் முதுகில்
தன் பெயரை ஏற்றிக்கொண்டிருந்தாள்.
வழுக்கி விழும். தூக்கி ஏற்றுவாள்.
எண்ணத் தொடங்கிய நான்
நாற்பதில் நித்திரையாகிவிட்டேன்.
அன்று பன்றி புகுந்தது எங்கள் வயலில்தான்.

அடுத்த தவணை. அதே கந்தோர், வேறு ஆள்.
எழும்பினாள்.
வகுப்பில் ஓ போட முடியாதே.
ப
பின்னால் மிசின் செருமியது.
வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"பரவாயில்லை, இரும் பிள்ளை."
அவள் இருக்கவில்லை.
ப
சேர் இடாப்பை விரித்தார். "பெயர் இதில இருக்கு."
அவள் இருக்கவில்லை.

என் நாக்கு நுனியில்
அவளுடைய பெயர் முழுசாய்க் கிடந்தது.
தொடையில் பழைய குத்து உளைந்தது.
வாயைப் பொத்திக்கொண்டேன்.

ப…
கீ…
வெளியே உழவு மெசின் ஒன்று
வந்து, கடந்து, போயும் முடிந்தது.
ர
ஒரு மூச்சு.
தி.

நாலு துண்டாய்த்தான் வந்தது.
யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்,
இரண்டு பேர் சிரித்தார்கள்.
"நல்லது" என்று வந்தவர்
அடுத்த வாங்குக்குத் திரும்பினார்.

"சேர்" என்றாள்.
"மு… முழுப் பெயரெல்லோ கேட்டனீங்கள்.
இன்னும் முடியேல்லை."

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
அவளுடைய அப்பாவின் பெயர்
பரராசசிங்கம்.