மீடியம் பதினொன்று, லார்ஜ் நான்கு

எனக்குப் பாட வராது. எண்ண வரும்.
அதனால் சட்டை விற்கும் மேஜை என்னுடையது.

முதல் தடவை இருபத்துநான்கு டி-ஷர்ட்.
துலூத் நகரின் மேற்குக் கோடியில்
கோர்வின் வீட்டு நிலவறையில்
வாஷிங் மெஷின் மேல் பலகை போட்டு
அவனே மை இழுத்தான்.
நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை.
அதையே பெயராக்கி, லோ சீலிங் என்று
நெஞ்சுக்கு நேராய் அச்சடித்தான்.
காய்ந்த பிறகுதான் பிரிட்டா பார்த்தாள்:
இரண்டு எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
அன்றைக்கு அவள் கத்திய உச்சத்தை
அப்புறம் எந்தப் பாட்டிலும் எட்டவில்லை.

விற்றது மூன்று.
ஒன்றை வாங்கியவர் அவளுடைய பல் டாக்டர்.

நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டேன்:
கொண்டுபோனது, விற்றது, மிச்சம், சேதம்.

வேன் ஒரு பூக்கடைக்காரர் தள்ளிவிட்டது.
லில்லி வாசனை போக இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
ஃபார்கோவில் பனி, ஒமாஹாவில் பனி,
"பிணம் இல்லாத சவ ஊர்வலம்" என்பான் டேரில்.
டிரம்ஸும் அவன்தான், டிரைவரும் அவன்தான்,
விளக்கில்லாத சாலையில்
ஸ்டியரிங்மேல் அவன் விரல் தட்டும் தாளத்தில்
எங்களுக்குத் தூக்கம் வரும்.
எக்ஸ்எல் பெட்டி என் தலையணை.
அதை யாரும் கேட்பதில்லை.
கேட்க வந்தவர்கள் எல்லோரும் அப்போது ஒல்லி.

இரண்டாம் ஆல்பத்தின் ஏழாம் பாட்டு
கோர்வின் அழுதுகொண்டே எழுதியது.
அது ஒரு மெத்தை விளம்பரத்துக்குப் போனது.
அதுவரை நாங்கள் தரையில் படுத்தவர்கள்.

அதற்குப் பிறகு
ஒரே வாரத்தில் முந்நூறு, ஒரே இரவில் நூற்றுப்பத்து,
சில்லறைக்கு ஷூ டப்பா போய்ப் பூட்டுள்ள பெட்டி.
நான்கு பேரின் நிழலுருவம் போட்ட கறுப்புச் சட்டை
வந்து இறங்கிய அதே வாரம்
ஓ கிளேர் பக்கம் ஒரு பங்கில் டேரில் சொன்னான்,
பெட்ரோல் போட்டுக்கொண்டே,
மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்:
குழந்தை பிறக்கப்போகிறது,
இரும்புத்தாதுக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது.
யாரும் சண்டை போடவில்லை.
போட்டிருக்கலாம்.

நான்கு நிழல் சட்டை அறுபது மிச்சம்.
பாதி விலைக்குத் தள்ளு என்றது கம்பெனி.
ஐம்பத்தொன்பதைத் தள்ளினேன்.
சேதம் என்ற பத்தியில்: 1.

பிறகு பெரிய திருவிழா மேடை.
சட்டை விற்க வேறு ஆட்கள், கையில் சிவப்பு ஒளி மெஷின்.
கழுத்தில் பாஸ் தொங்க சும்மா நின்றேன்.
தலைகளை எண்ணிப் பார்த்தேன்;
ஆயிரத்து இருநூறில் தப்பிவிட்டது.

இறங்கியது எப்போது என்று கேட்டால்
நோட்டு சொல்லும், அவர்கள் சொல்லமாட்டார்கள்.
நான்காம் ஆல்பத்தைத் திட்டினார்கள்.
ஐந்தாம் ஆல்பத்தைத்
திட்டக்கூட இல்லை.
மேஜை என்னிடமே திரும்பி வந்தது.

போன அக்டோபர், முதல் ஆல்பத்துக்கு இருபது வருடம்.
அந்தப் பிழைச் சட்டையையே மறுபடி போடுவோம்,
நாற்பது டாலர், என்றாள் பிரிட்டா.
அச்சகத்தார் எழுத்தைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள்.
ஐயா, தப்பாகத்தான் வேண்டும் என்று
மூன்று தடவை போன் செய்தோம்.

துலூத்தில் எக்ஸ்எல் முதலில் தீர்ந்தது.
குழந்தை சைஸ் இருக்கா என்று ஒன்பது பேர்.
கதவோரம், கப்பல் ஜாக்கெட்டோடு, டேரில்.
மூன்றாம் பாட்டின் நடுவில்
புது டிரம்மர் நேராக அடித்துப் போகும் இடத்தில்
என் மேஜை விளிம்பில் ஒரு விரல்
அரை நொடி பிந்தி விழுந்தது.
அந்த அரை நொடிதான் அந்தப் பாட்டு.

பெட்டியின் அடியிலிருந்து கறுப்பை எடுத்து நீட்டினேன்.
மடிப்பில் வெளுத்திருந்தது.
மார்பில் வைத்துப் பார்த்தான். மீடியம்.
"மகளுக்குச் சரியாக இருக்கும்" என்றான்.
இருபது டாலர் வைத்தான்.
பாதி விலை என்று பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடை கட்டி எண்ணினேன்.
மீடியம் பதினொன்று, லார்ஜ் நான்கு.
சேதத்தில் இருந்த ஒன்றை அடித்து
விற்றதில் எழுதினேன்.
வெளியே பாலம் தூக்கும் மணி;
ஏதோ ஒரு கப்பல், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.