முன்பின் இல்லாத படகு

ஓசூரில் இரவு ஷிப்ட் முடிந்து
அட்டையை மெஷினில் தேய்த்த கையோடு
பேருந்து ஏறியவர்கள் நாங்கள் ஐந்து பேர்.
கிருஷ்ணகிரி வரை
யார் தோளில் யார் தூங்கினோம், தெரியாது.
பென்னாகரம் தாண்டிய வளைவில்
கெம்பா ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு,
"ஆத்து வாசம் அடிக்குதுடி" என்றாள்.
அடித்ததென்னவோ
மசாஜ் எண்ணெயும் மீன் பொரிக்கும் புகையும்.

ஒகேனக்கல் பரிசல்துறையில் ஒரு கரும்பலகை:
நீர்வரத்து எட்டாயிரம் கன அடி.
அரைத் தூக்கத்தில் நான் அதை
நேற்றிரவின் டார்கெட் என்று வாசித்தேன்.

லைஃப் ஜாக்கெட்டில்
முந்தின ஆளின் வியர்வை காயவில்லை.
மாதப்பன் எங்களை எடை பார்த்து அடுக்கினார்.
"நீ இங்க. நீ அங்க. பருத்த அக்கா நடுவுல."
நாகவேணிக்கு முகம் சுண்டியது.
துடுப்பால் பாறையை ஓர் உந்து உந்திவிட்டுச் சொன்னார்:
"கரை சேர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

முதலில் பர்வீன் சிரித்தாள்.
பிறகு எல்லோரும்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.
மூன்று வருடமாய் பெல்ட் ஓரம் நின்றபடி
செல்போன் வயிற்றில்
எள்ளைவிடச் சின்னத் திருகாணி வைக்கிறோம்.
உட்காராதே என்று சொல்ல ஒரு ஆள்,
அவன் சொல்கிறானா என்று பார்க்க ஒரு கேமரா.
எங்களை உட்காரச் சொல்லி அதட்டிய முதல் மனிதர்
அரைக்கால் சட்டையில் இருந்தார்.

பரிசலுக்கு முன்பக்கம் இல்லை.
எனவே யாரும் யாருக்கும் பின்னால் இல்லை.
அடிப்பிடித்த பால் பாத்திரம்போல
இருபுறமும் பாறை உயர்ந்து
வானத்தை ஒரு ரிப்பன் அளவுக்குக் குறைத்தது.
அருவி விழும் இடத்தில்
முனிரத்னா வாயசைத்துக்கொண்டே இருந்தாள்.
என்ன சொன்னாள் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

எதிரே ஒரு பெட்டிக்கடை மிதந்து வந்தது.
மாங்காய்க் கீற்று, மோர் பாக்கெட், சிப்ஸ்.
சில்லறை இல்லையென்று
பையன் ஸ்கேன் செய்யும் அட்டையை நீட்டினான்.
பிளாஸ்டிக் உறைக்குள் என் போன்
கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்றது.
நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு, நாலு பாறை, ஒரு காட்டுச்செடி.
அது எந்த மாநிலம் என்று கேட்டேன்.
"தண்ணி குறைஞ்சா ரெண்டு பேரும் கேப்பாங்க.
ஏறிட்டா யாருதும் இல்ல."

சொல்லாமல் கொள்ளாமல்
ஒரு பக்கமாகவே துடுப்புப் போட்டார்.
பாறை அருவி கரை அருவி பாறை பர்வீன் வானம்
எல்லாம் ஒரே சாயமாய்க் கரைந்து
மெல்ல மெல்லப் பிரிந்து
நின்றபோது நாகவேணி அழுதுகொண்டிருந்தாள்.
தலைசுற்றல் என்றாள்.
யாரும் தோண்டவில்லை.
திட்டில் இறங்கி மீன் தின்றபோது
நடுத்துண்டு அவளுக்குப் போனது.

நான் மட்டும் விளிம்பில் குந்தி
ஒரு கை அள்ளினேன்.
உன்னை எனக்குத் தெரியும்.
விடுதிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை,
விடிகாலை ஐந்து முதல் ஐந்தரை வரை,
ஆளுக்கு இரண்டு பக்கெட்.
நீ இவ்வளவு அகலமென்று
யாரும் சொல்லவில்லை.
இவ்வளவு சத்தமாய்ப் பேசுவாய் என்றும்.

திரும்பும்போது மணி பத்து.
வார்டன் கையெழுத்து வாங்கினார்.
குழாயைத் திருகினேன், காற்று வந்தது.
இன்று எங்கள் முறை இல்லை.

நனைந்த சுடிதாரைப் பிழியாமல்
கொடியில் போட்டு
அடியில் காலி பக்கெட்டை நகர்த்தினேன்.
விளக்கணைத்த பிறகும்
சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் பார்த்தேன்,
இரண்டு விரற்கடை.
கொஞ்சம் மணலும்.