உயிரெழுத்து இல்லாத விரல்

லீட்ஸிலிருந்து வந்த படிவத்தில்
மூன்றே கட்டங்கள்.
பிஞ்ச். ஸ்க்வீஸ். க்ரஷ்.
முதலாவதற்கு ஆறு வாரச் சம்பளம்,
நடுவிலிருப்பதற்கு அரை வருஷம்,
கடைசிக்கு
வீட்டுக்கடன் மொத்தமும் அடையும்.

ஓட்ரோகோவிட்ஸே டயர் ஆலையில்
அச்சு வார்க்கும் பிரஸ் இறங்கியபோது
உள்ளே இருந்தது லுபோர் ஷ்க்ரபலின் வலக்கை.
அவர் செக்கில் சொன்னதை
ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க
பக்கத்துக்கு முந்நூற்று இருபது கொருனா எனக்கு.

மின்கட்டண உறையின் முதுகில்
இரண்டு பத்தி பிரித்துக்கொண்டேன்.
ஸ்க்வீஸ் என்றால் மாச்கத்:
கடையில் தக்காளியை அமுக்கிப் பார்ப்பது,
டிராமில் அடுத்தவர் விலாவோடு நெருங்கி நிற்பது.
எலுமிச்சைக்கு மட்டும் முன்னால் ஒரு ஒட்டு கேட்கும்,
விமாச்கத்,
பிழிந்தால் ஏதாவது வெளியே வந்தாக வேண்டும்.
ரிங் என்றால் ஜ்தீமத்:
ஈரத்துணிக்கு. வாடகை ஏற்றுகிற எங்கள் வீட்டுக்காரருக்கும்.
கையைப் பற்றி அழுத்தினால் ஸ்டிஸ்க்;
கல்லறைத் தோட்ட வாசலில்
ஒரே மதியத்தில் நாற்பது முறை கொடுத்திருக்கிறேன்,
யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை.

க்ரஷ்ஷில் நின்றுவிட்டது பேனா.

பக்கத்து அறையில் மகள் ரொசாலியே
யாரிடமோ போனில் சொல்கிறாள்
தனக்கு ஷ்டேபான் மேல் க்ரஷ்ஷாம்.
முழு வாக்கியமும் செக்,
அந்த ஒரு சொல் மட்டும் கடன்.
பதினைந்து வயது.
நசுங்கிப்போனதைச் சொல்லிவிட்டு
தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிறாள்.

எங்களுக்கு ட்ர்டிட்.
கல்லுடைக்கும் ஆலையின் சொல்.
முதல் அசையில் உயிரே இல்லை,
மூன்று மெய்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
விரலுக்கும் அப்படித்தான்: ப்ர்ஸ்ட்.
நான்கு மெய்.
நடுவில் மூச்சுவிட ஒரு உயிர் கிடையாது.
நாற்பத்தேழு வருஷமாகச் சொல்கிறேன்
இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஆனால் லுபோர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
ஒலிப்பதிவை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
பிர்ஷிஸ்க்ஷீப்லோ, என்கிறார்.
இழுப்பறையை மூடும்போது
குழந்தை விரலைக் கொடுத்துவிட்டால் சொல்வோமே,
ஊதிவிட்டு மறந்துபோவோமே, அது.
அகராதி ஒளிக்காமல் சொல்கிறது: பிஞ்ச்.
ஆறு வாரம்.

கோப்பில் எக்ஸ்ரே இருக்கிறது.
மூன்று விரல்கள்,
செருப்புக் காலில் பட்ட சாக்பீஸ் மாதிரி.

ஒன்பதரை மணிக்கு அவரையே அழைத்தேன்.
பின்னால் சலவை இயந்திரம்
துணியைப் பிழிந்து சுழன்றுகொண்டிருந்தது.
மன்னிக்கணும், நீங்கள் சொன்ன சொல்,
அதுவேதானா, என்று இழுத்தேன்.
இயந்திரம் சுழன்று, தணிந்து, நின்றது.

"இன்னொரு சொல் எனக்கும் தெரியும் அம்மா.
வாயில் எடுத்தாலே ட்ர்ர்ர் என்கிறது.
பிரஸ் இறங்குகிறபோதும் அப்படித்தான் கேட்டது.
நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.
என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்."

முத்திரை வாங்கிய அன்று
பிறர் சொல்லை மாற்றமாட்டேன் என்று
ஸ்லீன் நீதிமன்றத்தில் கையுயர்த்தியவள் நான்.
வாக்கியத்தில் அவர் சொன்னதை அப்படியே விட்டேன்.
அடிக்குறிப்பில் எழுதினேன்:
பேசுபவர் இங்கே
வேறொரு சொல்லைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

கட்டங்களை நிரப்புவது
மொழிபெயர்ப்பவள் வேலையில்லை.

மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்து அழுத்தினேன்.
அடுத்த நாள் காலையில் பார்த்தால்
படிவம், அதன் நகல்,
அடியில் கிடந்த மின்கட்டண உறை,
அதுவரைக்கும் பள்ளம்.