பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

நாற்பத்தொன்பது யூரோ.
ரசீது இன்னும் அட்டைக்குள் இருக்கிறது.
ஏழு அரசுகள், மூன்று நிலவுகள்,
உப்பு விற்கும் நகரங்களின் வரிவிகிதம் வரை
யாரோ எனக்காக யோசித்து முடித்திருந்தார்கள்.
கதை நடத்தும் நான் செய்யவேண்டியதெல்லாம்
செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள்
தாம்பெரேயில், பழைய நூற்பாலைக்குப் பின்னால்,
என் சமையலறை மேசையைத் துடைத்துப்
பகடைகளைப் பரப்பி வைப்பதுதான்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது.
பிரபு குதிரையில் வந்தார்.
அவருக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
வெய்க்கோ பள்ளிக்கூடத்தில் போலக் கைதூக்கினான்:
"அந்தப் பிரபு செத்துவிட்டார்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு."
அவனும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறான்.
என்னைவிடக் கவனமாகப் படித்திருக்கிறான்.

குதிரை மட்டும் மேசை நடுவே நின்றது.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்,
ஒரு ஆணி அடிக்க
சுத்தியலைத் துணியில் சுற்றும் கூச்சம்.
அன்றிலிருந்து ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும்
பொருளடக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அதனால் சொந்தமாகக் கட்டினேன்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில்
கட்டம் போட்ட நோட்டில் ஒரு கண்டம்.
நதி மேட்டை நோக்கி ஓடுவதைப்
பதினோராம் நாள்தான் கவனித்தேன்.
அழித்தேன். காகிதம் கிழிந்தது.
அந்த இடத்தில் பள்ளத்தாக்கு.
காப்பிக் கறைக்கு ஏரி என்று பெயர்.
டிராமில் போகும்போதும் வரும்போதும்
ஒரு வம்சத்தின் நானூறு ஆண்டுகளை எழுதினேன்.
அவர்கள் பேசும் மொழிக்கு
வேற்றுமை உருபு பதினேழு
(எங்கள் மொழிக்கே பதினைந்துதான்).

ஜனவரியில் திறந்து வைத்தேன்.
மூவரும் முதல் சத்திரத்தைத் தாண்டவில்லை.

சைலா கேட்டாள்.
ஆஸ்பத்திரிக் காலணியைக்கூடக் கழற்றாமல்
பணியிலிருந்து நேரே வந்திருந்தாள்.
"சூப் கொண்டுவருகிற அம்மா பெயர் என்ன?"

நானூறு ஆண்டுகளில் அந்த அம்மா எங்குமில்லை.
அடுப்பருகே கடலுப்பு டப்பா.
அதன்மேல் எழுதியிருந்ததில் பாதியைப் படித்தேன்:
"மெரி."

மெரிக்கு முழங்கால் வலி என்றாள் சைலா.
தன் வலியைத்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.
மெரிக்குக் கடன் இருக்கிறது என்றான் ஒஸ்கு.
யாரிடம் வாங்கிய கடன் என்று
நாலு பேரும் சூப்பை ஆறவிட்டு யோசித்தோம்.
வெய்க்கோதான் மெதுவாகச் சொன்னான்:
"அந்தப் பிரபுவிடம்?"
"செத்துவிட்டாரே!"
"செத்தவர் கணக்கிலும் வட்டி ஏறும்."

பெரிய புத்தகத்தை அலமாரியிலிருந்து இறக்கினோம்.
ஏழு அரசுகளில் ஒன்றைப் பிய்த்து
என் கிழிந்த பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் போட்டோம்.
எல்லை பொருந்தவில்லை.
பொருந்தாத இடத்தில் சுங்கச்சாவடி வைத்தான் ஒஸ்கு.
பகடை உருட்டினோம்: நிலவு இரண்டு போதும்.

புதிதாகக் கதை நடத்த வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
வாங்குவதா, எழுதுவதா என்று.
தெரியவில்லை.
நேரமில்லாதபோது வாங்கியிருக்கிறேன்.
தூக்கமில்லாதபோது எழுதியிருக்கிறேன்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில் இப்போது சூப் கறை,
விளிம்பில் பென்சிலால் வெய்க்கோவின் கையெழுத்து:
மெரி, பாக்கி ஒன்பது வெள்ளி.

அந்த வம்சமா?
நோட்டில்தான் இருக்கிறது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்வேன்.
கேட்காவிட்டாலும்
ஒரு செவ்வாய்க்கிழமை
சொல்லிவிடுவேன்.